மீனுக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும்?

நன்னீர் மீன்களை வீட்டில் வளர்த்துப் பழகியவர்களுள் பலருக்கு ஒரு கட்டத்தில் கடல்மீன் வளர்க்கும் ஆசை எழுவது இயல்பு. ஆரஞ்சு உடலில் வெண்பட்டைகள் கொண்ட கோமாளி மீனும், நீலமணியாய் மின்னும் டாம்செல் மீனும் கண்ணாடித் தொட்டிக்குள் நீந்துவதைக் கண்டவர்கள் அந்த ஆசையை எளிதில் கைவிடுவதில்லை. 2003-ஆம் ஆண்டு வெளியான 'ஃபைண்டிங் நீமோ' திரைப்படத்துக்குப் பிறகு கோமாளி மீன் குழந்தைகளுக்கும் அறிமுகமாகிவிட்டது. வீட்டில் ஒரு கடல்நீர்த் தொட்டி வேண்டும் என்ற கோரிக்கை அவர்களிடமிருந்தும் வருகிறது.

வண்ண மீன் வணிகத்துக்குப் பெயர்பெற்ற சென்னை கொளத்தூர் போன்ற இடங்களுக்கு இந்த ஆசையோடு செல்பவர் பெரும்பாலும் தடுமாறுவது விளக்கு வாங்கும்போதுதான். தொட்டி, உப்பு, வடிகட்டி ஆகியவற்றின் விலையை ஒருவாறு ஊகித்துவிடலாம். விளக்கின் விலையோ சில நூறு ரூபாயில் தொடங்கிப் பல்லாயிரம் ரூபாய் வரை ஏறிச் செல்கிறது. இரண்டும் எரிகின்றன, இரண்டும் வெளிச்சம் தருகின்றன. விலை கூடியதே மீனுக்கு நல்லது என்று எண்ணிக் கடன்பட்டு வாங்குவோரும் உண்டு. இவ்வளவு செலவு நமக்குக் கட்டுப்படியாகாது என்று ஆசையையே கைவிடுவோரும் உண்டு. இரு தரப்பினரும் அறிய வேண்டிய உண்மை ஒன்றுதான்: விலையுயர்ந்த அந்த விளக்குகள் மீன்களுக்காகச் செய்யப்பட்டவை அல்ல, பவளங்களுக்காகச் செய்யப்பட்டவை.

பவளம் என்பது பாறையும் அன்று, செடியும் அன்று. அது ஒரு விலங்கு. ஆயினும், வெப்பமண்டலக் கடல்களில் பாறைத்திட்டுகளை உருவாக்கும் பவள உயிரிகளின் திசுக்களுக்குள் நுண்ணிய ஒருசெல் பாசிகள் குடியிருக்கின்றன. அவை சூரிய ஒளியைக் கொண்டு உணவு தயாரித்து, அதில் பெரும்பங்கைத் தமக்கு இடமளித்த பவளத்துக்கே கொடுக்கின்றன. பவளத்தின் சக்தித் தேவையில் மிகுதியானது இவ்வாறுதான் நிறைவேறுகிறது. எனவே, பவளத்தைப் பொறுத்தவரை ஒளி என்பது உணவு. ஒளி குறைந்தால் அது மெல்ல மெல்லப் பட்டினியில் மடியும்.

அந்த ஒளியும் எந்த ஒளியாகவும் இருந்துவிட முடியாது. கடல்நீர் சிவப்பு ஒளியை முதல் சில மீட்டர்களிலேயே உறிஞ்சிவிடுகிறது. நீல ஒளிதான் ஆழம் வரை செல்கிறது. பவளத்தில் வாழும் பாசிகளும் ஏறத்தாழ 400 முதல் 500 நானோமீட்டர் வரையிலான நீல, ஊதா ஒளியை நன்கு பயன்படுத்தும் வகையில் அமைந்துள்ளன. இந்த அலைநீளங்களைச் செறிவாகவும் சீராகவும் தரவல்ல எல்இடிகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றுக்கு வெப்பம் தணிக்கும் அமைப்பையும், ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் வசதியையும் சேர்க்கும்போது விளக்கின் விலை பல மடங்காகிறது. அந்த விலைக்குக் காரணம் உண்டு. ஆனால், அந்தக் காரணம் பவளம் வளர்ப்பவருக்கு மட்டுமே பொருந்தும்.

மீனின் நிலை முற்றிலும் வேறு. மீன் ஒளியிலிருந்து உணவு தயாரிப்பதில்லை. அதற்கு வெளிச்சம் தேவைப்படுவது இரையைக் காண்பதற்கும், பகல் எது, இரவு எது என்று உடல் உணர்ந்துகொள்வதற்கும்தான். பாறை இடுக்குகளிலும் நிழல்களிலும் ஒதுங்கி வாழ்வது பவளத்திட்டு மீன்கள் பலவற்றின் இயல்பு. பெரும்பாலான மீன்களுக்கு இமைகள் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு வெளிச்சத்திலிருந்து தப்ப அவற்றால் இயலாது. ஒதுங்க நிழலின்றித் தொட்டி முழுவதும் கடும் வெளிச்சத்தில் இருப்பது அவற்றுக்கு இதமானதாக இராது. மனிதக் கண்ணுக்கு மீனைத் தெளிவாகக் காட்டும் அளவு வெளிச்சம் இருந்தால் மீனுக்கு அது போதும்.

இந்த இடத்தில், 'மீன்களோடு பவளமும் வளர்க்கலாமே' என்ற கேள்வி எழும். இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டுதல்களுள் பெரும்பாலானவை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பவளத் தொட்டி வைத்திருப்போருக்காக எழுதப்பட்டவை. அவற்றைப் படித்துவிட்டு வருபவர்கள் கவனிக்கத் தவறுவது நம் நாட்டின் சட்டத்தை. பாறைத்திட்டுகளை உருவாக்கும் கல் பவளங்களும், கருப்புப் பவளங்களும், நெருப்புப் பவளங்களும், கடல் விசிறிகளும் 2001-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கும் யானைக்கும் எத்தகைய பாதுகாப்போ அத்தகைய பாதுகாப்பு இவற்றுக்கும் உண்டு. கடலிலிருந்து இவற்றை எடுப்பதும், விற்பதும், வைத்திருப்பதும் குற்றம். முதல் அட்டவணை உயிர்கள் தொடர்பான குற்றங்களுக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது. கடல் குதிரைகளும் இதே அட்டவணையில்தான் உள்ளன.

இந்தச் சட்டம் வீணாக இயற்றப்பட்டதன்று. தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகளைச் சுற்றிப் பரந்திருக்கும் மன்னார் வளைகுடாப் பவளத்திட்டுகள், சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பல்லாண்டுகள் வெட்டி எடுக்கப்பட்டன. 1986-இல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. வெட்டுவது குறைந்த பிறகும் 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல்நீரின் வெப்பம் மிகுந்ததால் அங்குள்ள பவளங்கள் வெளுத்தன. வெப்பம் தாங்காத பவளம், தனக்கு உணவூட்டும் பாசிகளையே உடலிலிருந்து வெளியேற்றிவிடுகிறது. அதன் பிறகு எஞ்சுவது வெள்ளை எலும்புக்கூடு. வெப்பம் விரைவில் தணியாவிட்டால் பவளம் பட்டினியால் இறக்கிறது. இத்தனை இடர்களுக்கு இடையே பிழைத்திருப்பதை வரவேற்பறை அழகுக்காகப் பெயர்த்தெடுப்பது எந்த வகையிலும் ஏற்கத்தக்கதன்று.

'உயிர்ப்பாறை' என்ற பெயரில் கடலிலிருந்து எடுத்து விற்கப்படும் துண்டுகளுக்கும் இது பொருந்தும். அவற்றுள் பல, பவளத்தின் எலும்புக்கூடுகளே. உயிரற்ற பவளமும் சட்டத்தின் பார்வையில் பவளமே. 'வெளிநாட்டிலிருந்து வந்தது', 'வளர்ப்பிடத்தில் உருவானது' என்று சொல்லப்படுவதை ஆவணமின்றி நம்பி வாங்குபவர், விற்றவரின் குற்றத்தில் தாமும் பங்காளியாகிறார். நுண்ணுயிரிகள் குடியேறுவதற்கு நுண்துளைகள் உள்ள எந்தப் பரப்பும் போதும். அதற்கென்றே சுட்ட மண்ணில் செய்யப்பட்ட துண்டுகளும் செயற்கைப் பாறைகளும் கிடைக்கின்றன.

ஆக, நம் நாட்டில் கடல்மீன் வளர்க்கத் தொடங்கும் ஒருவருக்குச் சட்டத்தின்படியும் அறத்தின்படியும் பொருத்தமானது மீன்கள் மட்டும் வாழும் தொட்டி. அத்தகைய தொட்டிக்குப் பவள விளக்கு தேவையில்லை. கோமாளி மீனுக்குக் கடல் சாமந்தி கட்டாயம் வேண்டும் என்ற எண்ணமும் தவறானது. கடலில் அது சாமந்தியின் கொட்டும் இழைகளுக்கிடையே ஒளிந்துகொள்வது பகை மீன்களுக்கு அஞ்சியே. பகையில்லாத தொட்டியில் சாமந்தி இல்லாமலும் நலமாக வாழும், முட்டையும் இடும். கடல் சாமந்தியின் உடலிலும் பாசிகள் வாழ்வதால் அதற்குச் செறிந்த ஒளியும் நிலையான நீர்த்தரமும் வேண்டும். தொடக்க நிலையில் இருப்பவர் அதைத் தவிர்ப்பதே நல்லது.

இனி, விளக்குப் பெட்டியில் அச்சிடப்பட்டிருக்கும் எண்களை எவ்வாறு புரிந்துகொள்வது என்று பார்க்கலாம். வாட் என்பது விளக்கு இழுக்கும் மின்சாரத்தின் அளவு. அது வெளிச்சத்தின் அளவு அன்று. லூமன் என்பது மனிதக் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தின் அளவு. நம் கண் பச்சை நிற ஒளியை, அதாவது 555 நானோமீட்டர் அளவிலான ஒளியை, மிக நன்றாக உணர்கிறது. நீலத்தை மங்கலாகவே உணர்கிறது. அதனால்தான் பவளம் வளர்ப்போர் லூமனைப் பொருட்படுத்தாமல், ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளித்துகள்களின் எண்ணிக்கையைத் தனிக் கருவியால் அளக்கிறார்கள். மீன் தொட்டியில் பார்ப்பது நம் கண்கள் என்பதால் நமக்கு லூமனே போதுமான அளவுகோல்.

அடுத்தது கெல்வின். இது ஒளியின் நிறச்சாயலைக் குறிக்கிறது. 2,700 கெல்வின் என்றால் பழைய குண்டு பல்பின் மஞ்சள். 6,500 கெல்வின் என்றால் நண்பகல் வெண்மை. 10,000 கெல்வினுக்கு மேல் நீலச்சாயல் கூடிக்கொண்டே போகும். 20,000 கெல்வினில் தொட்டி முழுவதும் நீலமாகவே தோன்றும். கடைகளில் அந்த நீல ஒளியில் பவளங்கள் பச்சையும் சிவப்புமாக ஒளிர்வதைக் கண்டு மயங்கி அதே விளக்கை வாங்கி வந்தால், பவளம் இல்லாத தொட்டியில் மீனின் உண்மையான நிறமே தெரியாமல் போகும். 6,500 முதல் 10,000 கெல்வின் வரையிலான வெள்ளை ஒளியே மீன்களின் நிறத்தை இயல்பாகக் காட்டும். கடலின் சாயல் சற்று வேண்டும் என்பவர்கள் அத்துடன் சில வாட் அளவில் ஒரு சிறிய நீல எல்இடி பட்டையைச் சேர்த்துக்கொள்ளலாம். நிறங்களைத் துல்லியமாகக் காட்டும் திறனைக் குறிக்கும் எண் சில பெட்டிகளில் அச்சிடப்பட்டிருக்கும். அது 80-க்குக் குறையாமல் இருப்பது நல்லது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 90 சென்டிமீட்டர் நீளமும், 45 சென்டிமீட்டர் அகலமும், 45 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட மூன்றடித் தொட்டி ஏறத்தாழ 180 லிட்டர் கொள்ளும். நீரின் அளவு கூடக் கூட அதன் தரம் திடீரென மாறுவது குறையும் என்பதால், தொடக்கத்துக்கு இத்தகைய தொட்டி ஏற்றது. இதற்கு மொத்தம் 20 முதல் 30 வாட் வரையிலான வெள்ளை எல்இடி போதும். வீடுகளில் சுவரில் பொருத்தும் நாலடிக் குழல் எல்இடி இந்தத் தொட்டியைவிட நீளமானது. அதற்குப் பதிலாக 10 வாட் அளவிலான இரண்டடி விளக்குகள் இரண்டை அருகருகே பொருத்தலாம். ஏறத்தாழ 2,000 லூமன் வெளிச்சம் கிடைக்கும். ஒரே புள்ளியிலிருந்து பாயும் வெள்ளொளி விளக்கைவிட, நீண்ட விளக்கே தொட்டி முழுவதும் வெளிச்சத்தைச் சீராகப் பரப்பும். செலவு சில நூறு ரூபாயிலிருந்து, நீர்புகாத வகையை வாங்கினால் ஓரிரு ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

விளக்கின் விலை ஒருமுறை கொடுப்பது; மின்கட்டணம் மாதந்தோறும் தொடர்வது. 20 வாட் விளக்கை நாள்தோறும் ஒன்பது மணி நேரம் எரித்தால் இரண்டு மாதங்களில் ஏறத்தாழ 11 யூனிட் செலவாகும். 150 வாட் பவள விளக்கை அதே நேரம் எரித்தால் 81 யூனிட் ஆகும். ஒரு காலத்தில் பரவலாக இருந்த 250 வாட் மெட்டல் ஹாலைடு விளக்கென்றால் 135 யூனிட். தமிழகத்தில் வீட்டு மின் இணைப்புகளுக்கு இரண்டு மாதங்களுக்கு 100 யூனிட் இலவசமாக வழங்கப்படுவதை நினைவில் கொண்டால், ஒரு மீன் தொட்டியின் விளக்கு மட்டுமே அதில் எவ்வளவைத் தின்றுவிடக்கூடும் என்பது விளங்கும்.

மின்சாரத்தோடு சேர்ந்து வருவது வெப்பம். கடல்மீன் தொட்டியின் நீர் 25 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரை இருப்பது நலம். சித்திரை, வைகாசி வெயிலில் நம் வீடுகளின் அறை வெப்பமே 32 டிகிரியைத் தாண்டும். வெப்பம் ஏற ஏற நீரில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜன் குறையும். மீனின் மூச்சுத் தேவையோ கூடும். குளிர்நாடுகளில் தொட்டியைச் சூடேற்றுவது எப்படி என்று கவலைப்படுகிறார்கள். நமக்கோ குளிர்விப்பதுதான் கவலை. பெரிய விளக்கை வாங்கியவர், அது தரும் வெப்பத்தைப் போக்க அதைவிடப் பெரிய விலையில் குளிர்விக்கும் கருவியையும் வாங்க நேரிடுகிறது. சிறிய விளக்கு வைத்திருப்பவர், நீர்ப்பரப்பின் மேல் ஒரு சிறு மின்விசிறியைச் சுழலவிட்டே ஓரிரு டிகிரியைக் குறைத்துவிடலாம். அவ்வாறு ஆவியாகும் நீருக்கு ஈடாக உப்பில்லாத தூய நீரையே ஊற்ற வேண்டும். ஏனெனில் நீர்தான் ஆவியாகிறது, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது.

எந்த விளக்கு என்பதைவிட எத்தனை மணி நேரம் என்பது முக்கியமானது. புதிதாக அமைத்த தொட்டியில் மீன்களின் கழிவிலிருந்து உருவாகும் அமோனியாவை நச்சற்றதாக மாற்றும் நுண்ணுயிரிகள் பெருகுவதற்குப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அந்நாள்களில் தொட்டியில் மீன் இருக்கக் கூடாது, விளக்கும் தேவையில்லை. எரித்தால் வளர்வது பாசி மட்டுமே. மீன்களை விட்ட பிறகு ஆறு மணி நேரத்தில் தொடங்கி, எட்டு அல்லது ஒன்பது மணி நேரம் வரை கூட்டலாம். நாள்தோறும் ஒரே நேரத்தில் எரிந்து ஒரே நேரத்தில் அணைவதற்குச் சில நூறு ரூபாயில் கிடைக்கும் டைமர் போதும். இருட்டில் திடீரென்று விளக்கைப் போட்டால் மீன்கள் மிரண்டு கண்ணாடியில் மோதிக்கொள்ளும்; எனவே காலையில் அறையில் வெளிச்சம் பரவிய பிறகும், இரவில் அறை விளக்குக்கு முன்பாகவும் தொட்டி விளக்கின் நேரத்தை அமைத்துக்கொள்வது நல்லது. இரவு முழுவதும் எரியும் 'நிலவொளி' விளக்குகளால் மீனுக்கு நன்மை ஏதும் இல்லை. இருள் அதற்குத் தேவையான ஓய்வு.

முதல் சில வாரங்களில் கண்ணாடியிலும் மணலிலும் பழுப்புநிறப் படலம் படர்வதைக் கண்டு விளக்கைக் குறை கூறுவோர் பலர். அது பெரும்பாலும் டயட்டம் எனப்படும் நுண்பாசி. நீரில் உள்ள சிலிகேட்டை உண்டு வளர்வது. ஆழ்குழாய் நீரை அப்படியே உப்போடு கலந்து ஊற்றிய தொட்டிகளில் இது மிகுதியாகத் தோன்றும். பின்னர் வரும் பச்சைப் பாசிக்குக் காரணம், மீந்த உணவிலிருந்து சேரும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும். ஒளி இந்தப் பாசிகளைத் தூண்டுமேயன்றித் தானே உருவாக்காது. புதிய விளக்கு வாங்குவதால் தீராத இந்தச் சிக்கல், நீரைச் சுத்திகரித்துப் பயன்படுத்துவதாலும் உணவைக் குறைத்துப் போடுவதாலும் தீரும். சன்னல் வழியே நேரடி வெயில் விழும் இடத்தில் தொட்டியை வைக்காதிருப்பதும் இதற்கு உதவும்.

மலிவாக வாங்குவதில் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது, அது பாதுகாப்பு. உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்தும். உலோகத்தையும் விரைவில் அரிக்கும். குமிழிகள் உடைந்து தெறிக்கும் துளிகள் காய்ந்து, உப்புப் படிவமாக விளக்கின் இணைப்புகள் வரை ஏறும். எனவே, நீரும் தூசியும் புகாமைக்கான ஐபி65 தரம் குறிக்கப்பட்ட விளக்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சாதாரண விளக்கென்றால் தொட்டியின் மேல் கண்ணாடி மூடியிட்டு, அதற்கு மேலே ஒரு சாண் உயரத்தில் தொங்கவிட வேண்டும். மின்கம்பி, செருகியை அடையும் முன் தாழ்ந்து வளைந்து மேலேறுமாறு அமைத்தால் கம்பி வழியே வழியும் நீர் வளைவிலேயே சொட்டிவிடும். மின்கசிவு ஏற்பட்டால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் பாதுகாப்புக் கருவியும், முறையான நில இணைப்பும் இன்றிக் கடல்மீன் தொட்டி வைக்கவே கூடாது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண் விளக்கில் உள்ளதா என்று பார்த்து வாங்குவதும் அவசியம்.

விளக்கில் மிச்சப்படுத்திய பணத்தை எதில் செலவிடலாம்? மீனின் உயிர் தங்கியிருப்பது நீரில். உப்பின் அளவைச் சரிபார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர், அமோனியா, நைட்ரைட், நைட்ரேட் அளவுகளைக் காட்டும் பரிசோதனைப் பொருள்கள், கழிவை நுரையாகத் திரட்டி வெளியேற்றும் ஸ்கிம்மர், மின்தடையின்போது காற்றூட்டும் பேட்டரி மோட்டார் ஆகியவை ஒவ்வொன்றும் எந்த அலங்கார விளக்கையும்விடப் பயனுள்ளவை. கடல்நீரின் இயல்பான உப்பளவு லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம். இது நாளுக்கு நாள் ஏறியிறங்கும் தொட்டியில் எவ்வளவு நல்ல விளக்கு எரிந்தாலும் மீன் பிழைக்காது.

மீன் வாங்குவதிலும் அந்தப் பணம் நற்பயன் தரும். வணிகத்தில் வரும் கடல் அலங்கார மீன்களுள் பெரும்பாலானவை இன்றும் பவளத்திட்டுகளிலிருந்து பிடிக்கப்படுபவையே. நன்னீர் மீன்களைப் போல இவற்றை எளிதில் இனப்பெருக்கம் செய்ய முடிவதில்லை. ஆயினும், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம், விழிஞ்ஞம் மையங்களும், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீன்களைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்யும் முறையை வெற்றிகரமாக உருவாக்கியுள்ளன. அவ்வாறு வளர்க்கப்பட்ட மீன் தொட்டிச் சூழலுக்கும் அங்கு கிடைக்கும் உணவுக்கும் பிறந்தது முதலே பழகியது. சற்று விலை கூடினாலும் அதைக் கேட்டு வாங்குவது, வாங்குபவருக்கும் நன்மை, கடலுக்கும் நன்மை.

வளர்ப்பவர் அறியாமையால் தொட்டியில் இறக்கும் ஒவ்வொரு கடல்மீனுக்கும் ஈடாக இன்னொரு மீன் கடலிலிருந்து பிடிக்கப்படுகிறது. தொடங்கிய சில மாதங்களிலேயே செலவு தாங்காமல் கைவிடப்படும் தொட்டிகளின் கணக்கும் அந்தக் கடலின் தலையில்தான் விழுகிறது. ஆகவே, விளக்கு வாங்கப் போகும்போது 'இது எவ்வளவு பிரகாசமானது' என்று கேட்பதற்கு முன், 'என் தொட்டியில் வாழப்போவது யார்' என்று ஒருவர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். மீன்கள் மட்டும்தான் என்பது விடையானால், இரண்டு சிறிய வெள்ளை விளக்குகளும் ஒரு டைமரும் போதும். மிச்சமாகும் பணமும் கவனமும் நீருக்குச் சேர வேண்டியவை.